துடைக்கக் கூடாத கண்ணாடி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் மாப்பிள்ளையும் சுகம். கொல்லைக் குழாய் சொட்டுவது நின்றுவிட்டது. பின்வீட்டுக்காரர் மதில்மேல் புது விளக்கு போட்டிருந்தார். வானம் வெளுத்துப்போகிறது என்று மாப்பிள்ளை போய்ச் சொன்னதும் அணைத்துவிட்டார். மறுநாள் என்னைப் பார்த்து, "உங்க மருமகன் நட்சத்திரத்துக்கும் கண்ணு டெஸ்ட் பண்றாரா சார்?" என்று கேட்டுச் சிரித்தார்.

இங்கே ஒரு சங்கதி நடந்தது. அவர் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்.

ஆபீஸ் வேலையாக வெளியூர் கிளம்புகிற அவசரத்தில் டெலஸ்கோப்புக்கும் கேமராவுக்கும் நடுவே ஃபில்டர் கண்ணாடியைச் செருகிவிட்டுப் போனாயே, அதை அவர் கழற்றவே இல்லை. நிலா இல்லாத நாட்களில் கொல்லையில் நிறுத்தி ஆண்ட்ரோமெடா நட்சத்திரக் கூட்டத்தைப் படம் எடுப்பார். முடிந்ததும் கேமராவோடு சேர்த்துத் தூக்கிவந்து உள்ளே வைப்பார். நான் ஒரு கை பிடிக்கப் போனால், "வேணாம் மாமா, ஆடிடும்" என்பார்.

போன வாரம் எல்லாப் படமும் எடுத்தாயிற்று. மிச்சம் அந்த பனியன் வேலைதான். நீதான் எனக்கு விளக்கினாய்: டெலஸ்கோப்பின் வாயில் வெள்ளை பனியனை இழுத்துக் கட்டி வெறும் வெளிச்சத்தைப் படம் எடுத்தால், கண்ணாடியில் உள்ள தூசியும் கறையும் மட்டும் அதில் விழும், அதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் மற்ற படங்களிலிருந்து கறையை நீக்கும். அதுவரை எதையும் துடைக்கக் கூடாது.

காலையில் பனியனும் கையுமாக வந்தவர், உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறதா பார்க்கலாம் என்று கேமராவைக் கழற்றினார். ஃபில்டரை ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்தார். அதில் ஒரு கட்டைவிரல் ரேகை. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கை சும்மா இருக்குமா? சட்டைப்பையிலிருந்து துணி வந்தது. வாயால் ஒரு ஊதல், துணியால் ஒரு சுற்று. கண்ணாடி பளபளத்தது. பிறகுதான் பனியன் அவர் கண்ணில் பட்டது. "போச்சு மாமா" என்றார்.

வேறு விரலை வைத்தால் ஆயிற்று என்றேன். முறைத்தார். "நான் எப்பவும் விளிம்புலதான் பிடிப்பேன். அது அவ விரல்."

எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். ஆண்ட்ரோமெடாவின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல். ஸ்டுடியோக்காரர் அச்சுப் போடும்போது, "இது என்ன அழுக்கு? ரெண்டு நிமிஷம் குடுங்க, இல்லாமப் பண்ணிடறேன்" என்றாராம். "இருக்கட்டும்" என்று சொல்லி அப்படியே வாங்கிவந்துவிட்டார். கடையில், கண் பரிசோதிக்கும் நாற்காலிக்கு எதிரே மாட்டியிருக்கிறார். கேட்கிறவர்களிடம் கறையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

உன் ஆபீஸில் அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்வதும், மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அவரிடம் நீ கேட்டபோது "உன் இஷ்டம்" என்று போனை வைத்தது என் காதுபடத்தான். உனக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. வரச் சொல்ல வேண்டியதுதானே என்று சண்டைக்கே போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவைத்தார். "நான் கேட்டா வந்துடுவா மாமா. அதனாலதான் கேக்கல" என்றார்.

இதை உனக்கு எழுதக் கூடாது என்று வேறு சொன்னார். எழுதிவிட்டேன்.

வா என்றோ, இரு என்றோ நான் சொல்லப்போவதில்லை. நல்ல வேலை, நீயே உழைத்துப் பிடித்த இடம். அந்த நட்சத்திரக் கூட்டமும் இந்தப் பருவத்துக்கு மேற்கே இறங்கிவிட்டது. அடுத்த வருஷம்தான் கொல்லைக்கு மேலே வருமாம். முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்கிறார். ஃபில்டரை இன்னும் மாட்டவில்லை. சுத்தமான துணியில் சுற்றி உன் மேசைமேல் வைத்திருக்கிறார்.

பதில் சொல்லுமுன் அவரிடம் இன்னொரு தடவை கேள், கண்ணு. "உன் இஷ்டம்" என்றால், உங்கள் இஷ்டம் என்ன என்று கேள். சொல்லும்வரை போனை வைக்காதே.

எங்கே இருந்தாலும் நன்றாக இரு.

உன் அப்பா