பாரா நாலின்படி

குகட்பள்ளி ஹாஸ்டல்,
15.6.2025

என்றும் பதினாறாகப் போகும் பெரியப்பாவுக்கு,

பூர்ணாவின் வணக்கம். நான் நலம். ஹாஸ்டல் சாம்பாரும் நலம், மூன்று நாளாக அதே சாம்பார்தான் உயிரோடு இருக்கிறது. போனைப் பிடுங்கிவிட்டார்கள். ஞாயிறன்று அம்மாவோடு ஐந்து நிமிடம் பேசலாம், மற்றவர்களுக்கெல்லாம் காகிதம்தான்.

உங்கள் ரகசியக் கடிதம் கிடைத்தது. நெட்டில் இளமை ஊசி வாங்கி, பெரியம்மா கண்ணில் படாமல் ஃபிரிட்ஜில் ஊறுகாய்க்குப் பின்னால் ஒளித்தீர்களா! மைட்டோகாண்ட்ரியா பெப்டைடாம்! செல்லுக்கு மைட்டோகாண்ட்ரியாதான் கரண்ட் ஆபீஸ் என்று போன வாரம்தான் எங்களுக்கு நடத்தினார்கள். ஜுவாலஜி சாரைக் கேட்டேன். பெப்டைடு என்பது குட்டிப் புரதத் துண்டாம். எலிக்குப் போட்டதில் எலி நன்றாக ஓடியதாம். மனிதருக்கு வயது குறையும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லையாம். நெட்டில் விற்கிற குப்பிக்குள் உண்மையில் என்ன இருக்கிறது, சுத்தமானதா என்றெல்லாம் யாரும் உத்தரவாதம் தர முடியாதாம்.

போட்டுக்கொண்டால் சைனிக்புரிப் பூனைகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்கள் வாலு,
பூர்ணா


சைனிக்புரி,
19.6.2025

அன்புள்ள வாலுக்கு,

ஆசீர்வாதம். குப்பியின் மேலேயே 'ஆய்வகத்துக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கிறது. படித்துவிட்டேன், ஆகவே தொடவில்லை. டிபென்ஸ் ஃபாக்டரியில் முப்பத்தாறு வருஷம் இருந்தவன் நான். எழுத்தில் உத்தரவு இல்லாமல் ஒரு ஸ்குரூவைக் கூடக் கழற்றியதில்லை. மனிதர் போடலாமா என்று விற்றவர்களுக்கு ரிஜிஸ்டர் தபாலில் கேட்டிருக்கிறேன். எழுத்தில் பதில் வந்தால் போடுவேன். வராவிட்டால் ஊறுகாய்க்குத் துணையாகக் கிடக்கட்டும்.

ஏன் வாங்கினேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன், சிரிக்காதே. போன மாதம் அமீர்பேட் மெட்ரோவில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஜலஜாவிடம், "மீ நான்னகாராம்மா?" என்றாள். உங்கள் அப்பாவா என்று! உன் பெரியம்மா வீடு வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கும் அவளுக்கும் ஒன்பது வயதுதான் வித்தியாசம்.

பெரியப்பா,
ஜெகதீஸ்வரன்


சைனிக்புரி,
4.7.2025

அன்புள்ள பூர்ணா,

உத்தரவு வந்துவிட்டது! எண், தேதி, பொருள், பார்வை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கீழே உருண்டை முத்திரை, டாக்டர் யங் என்பவரின் கையெழுத்து. பாரா நாலின்படி பதினைந்து நாளைக்கு மற்ற எல்லா மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். பாரா ஏழின்படி சார்மினார் இருக்கும் திசை பார்த்து, ஒற்றைக் காலில் நின்று போட வேண்டும். விசித்திரம்தான், ஆனால் உத்தரவு உத்தரவுதானே. விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறேன். நேற்று எதிர்வீட்டு வெங்கடகிருஷ்ணன் பார்த்துவிட்டு, "என்ன சார், யோகாவா?" என்றார். "ஹவ், ஆமாம்" என்று தலையாட்டினேன்.

ஐந்து ஊசி ஆயிற்று. வயிற்றில் போட்ட இடம் புளியங்கொட்டை அளவு தடித்திருக்கிறது. தாகம்தான் தாங்க முடியவில்லை, சொம்பு சொம்பாகக் குடிக்கிறேன். பாத்ரூமுக்கு நடந்தே இளைத்துவிட்டேன். இளமை திரும்புகிறது போலிருக்கிறது!

பெரியப்பா


குகட்பள்ளி,
10.7.2025

பெரியப்பாவுக்கு,

உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வரும் அப்பாவிடம் உறையை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அந்த உத்தரவை எழுதியது நான். ஜூன் 22 அவுட்டிங்கில், அமீர்பேட்டில் ஒரு டிடிபி கடையில் அடித்தேன். முத்திரையைக் கடைக்காரரே வரைந்து தந்தார். டாக்டர் யங் என்ற பெயரையும் சார்மினாரையும் பார்த்ததுமே 'அடி வாலு' என்று நீங்கள் பிடித்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

பாரா நாலு எழுதும்போது உங்கள் சர்க்கரை மாத்திரை எனக்கு நினைவில் இல்லை என்று எழுத வந்தேன். அது பொய். நினைவில் இருந்தது. 'இதையும் நம்பிவிடுவாரா' என்று சிரித்துக்கொண்டேதான் அடித்தேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. தாகம் என்ற வரியைப் படித்ததுமே சர்க்கரை ஏறுகிறது என்று புரிந்துவிட்டது. வார்டன் மேடத்திடம் போன் கேட்டால் எதற்கு என்பார். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஞாயிறு வரட்டும் என்று இருந்தேன். செவ்வாயும் போயிற்று. புதன் மத்தியானம் பயம் தாங்காமல் போய்க் கேட்டேன். பெரியம்மா எடுத்தார். "காலையில மயங்கி விழுந்துட்டாருடீ. சர்க்கரை ஐந்நூறைத் தாண்டிடுச்சு. ஐசியூல வெச்சிருக்காங்க" என்று அழுதார். அப்போதும் நான் சொல்லவில்லை. "ஐயோ பெரியம்மா" என்றேன். வேறு யாரோ செய்ததுபோல.

திட்டியாவது எழுதுங்கள்.

பூர்ணா


ஆஸ்பத்திரி,
15.7.2025

பூர்ணாவுக்கு,

பிழைத்துக்கொண்டேன். வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று ஜலஜா தினமும் குடைந்தாள். பூர்ணா விளையாட்டுக்கு ஒரு கடிதம் எழுதினாள், நம்பிவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சை அப்படியே வைத்தாள். "போனாலு பண்டிகை லீவுக்கு அந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வர வேண்டாம். நக்கோன்னா நக்கோதான்" என்றாள். நான் வாதாடவில்லை.

வாதாடியிருக்க வேண்டும். சார்மினார் பாராவைப் படித்தபோதே உன் வேலை என்று எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. அந்தப் பாராவை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு மற்றதைப் படித்தேன். பிறகு அதையும் செய்தேன். ஊசி போட எனக்கு ஒரு தாள் தேவைப்பட்டது, நீ கொடுத்தாய், அவ்வளவுதான்.

ஊசி விஷயம் ஜலஜாவுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்த டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். இளமைக்கு ஊசி போட்டேன் என்று அவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? வயிற்றுத் தடிப்பு சிவந்து எலுமிச்சை அளவாகிவிட்டது, தொட்டால் சுடுகிறது. நேற்றிலிருந்து குளிர் வேறு. போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். நீயும் யாரிடமும் சொல்லாதே.

பெரியப்பா


குகட்பள்ளி,
17.7.2025

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இன்று பதினோரு மணிக்கு வந்தது. பதினொன்றேகாலுக்கு வார்டன் மேடத்தின் அறையில் நின்றேன். எதற்கு என்று கேட்டார். முழுவதும் சொன்னேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, மேஜை மேல் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துச் சொன்னேன். போனைத் தள்ளினார்.

பெரியம்மா என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். மறுபடி அடித்தேன். எடுத்ததுமே, "ஊசி போட்டிருக்கார் பெரியம்மா. வயித்துல. கட்டி இருக்கு. டாக்டருக்குத் தெரியாது" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். இந்த முறை அவர் போனை வைக்கவில்லை. ஏதோ உருண்டு விழுந்த சத்தம். அப்புறம் உங்கள் குரல்: "ஜலஜா, போர்வையை விடு. விடுங்கிறேன்ல!" அப்புறம் பெரியம்மா, "சிஸ்டர்! சிஸ்டர், இங்க ஓடி வாங்க!"

யாரிடமும் சொல்லாதே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். மன்னிக்க வேண்டாம். போனாலுக்கு நான் வரவில்லை.

அங்கே யாரும் போனைக் கட் பண்ணவில்லை. செருப்புச் சத்தங்கள் வந்து சேரும்வரை கேட்டுவிட்டு, நான்தான் வைத்தேன்.

பூர்ணா