டீசல் மண்ணும் அரை மூட்டை யூரியாவும்

2008 மார்ச் 10, திங்கள்
காலையில் தூறல். தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் டீசல் தாங்கி கசிந்து மூன்று மாதம். எண்ணெய் இறங்கிய மண்ணைத் தோண்டிப் பாத்தியாகப் பரப்பியாகிவிட்டது. சாணம், யூரியா, தண்ணீர், தினமும் கிளறல். எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர் பெருக வேண்டும். மாதக் கடைசிக்குள் சரிவராவிட்டால் எல்லாவற்றையும் பள்ளத்தில் கொட்டச் சொல்லிவிட்டார் துரை, தோட்ட மேனேஜர். பள்ளத்துக்குக் கீழேதான் தொழிலாளர் லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கும் பீலி.

கிளறுவது இந்த வேலைக்கென்று வெளியிலிருந்து வந்த நானும், லயத்து முத்தையா அண்ணனும்.
"டீசலத் தின்னுட்டு உசுரோட இருக்குமா புள்ள?"
"அதுக்கு அதாண்ணே சோறு."

மார்ச் 13, வியாழன்
வெயில். நாற்றம் குறைவு. என் ஆசைதானோ? யூரியா தீர்ந்தது. நாளை மாத்தளை. பாத்தியில் போடாத பழைய டீசல் மண் இரண்டு போத்தல் ஆய்வுகூடத்துக்கு. யூரியா, சவர்க்காரம் வாங்க வேண்டும்.

மார்ச் 15, சனி
நேற்று ஆய்வுகூடம் பூட்டு. போத்தல்களோடு திரும்பினேன். செக்பொயின்ட்டில் பையைத் திறந்தார்கள். அரை மூட்டை யூரியா, டீசல் வாடை, அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். குண்டு செய்யவா என்றார்கள். இறக்கிவிட்டார்கள். பஸ் போய்விட்டது.

பொலிஸில் சார்ஜன்டுக்குச் சிங்களத்தில் விளக்கினேன். பதற்றத்தில் நுண்ணுயிருக்குச் சரியான சொல் வரவில்லை. "விஷபீஜ" என்றேன். கிருமி என்றுதான் அர்த்தம். அவர் காதில் விஷம் மட்டும் விழுந்தது. எந்தக் கிணற்றில் போட என்று கத்தினார். துரைக்கு ஃபோன். அவள் வெளியாள், எனக்குத் தெரியாது என்றாராம்.

நாலு மணிக்கு முத்தையா அண்ணன். பஸ்ஸில் வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடையாள அட்டையே இல்லாத மனிதர், அவரையும் உள்ளே போட்டிருப்பார்கள். சாக்கிலிருந்த பாத்தி மண்ணை மேசையில் கொட்டினார்.
"மோந்து பாருங்க சார்ஜன்ட் மாத்தயா. நாங்க குடிக்கிற தண்ணிக்காகத்தான் இந்தப் புள்ள பாடுபடுது."
அதை நான் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன்ட் போத்தல் மண்ணையும் பாத்தி மண்ணையும் மாறி மாறி முகர்ந்தார். பாத்தி மண்ணில் வாடை பாதிகூட இல்லை. கடைசியில், போ என்று கை காட்டினார். யூரியா அங்கேயே.

மார்ச் 17, திங்கள்
மழை. யூரியாவுக்குப் பதில் மாட்டு மூத்திரம். முத்தையா அண்ணன் சம்சாரம் லயம் லயமாகக் கேட்டு நாலு வாளி சேர்த்திருக்கிறார். ஜீப் சத்தம் கேட்டால் கிளறுவதை விட்டு ரோட்டைப் பார்க்கிறேன்.

மார்ச் 27, வியாழன்
பாத்தி மண்ணில் போட்ட பயறு இருபதில் பதினாறு முளைத்துவிட்டது! துரை குனிந்து பார்த்தார். பள்ளத்தில் கொட்ட வேண்டாம் என்றார். கையோடு இதையும் சொன்னார்: பொலிஸ் தொல்லை இனி ஆகாது, மாதக் கடைசியோடு நீ போய்விடு.

ஈரம் பார்ப்பது, கிளறுவது, எப்போது எவ்வளவு ஊற்றுவது, எல்லாம் அண்ணனிடம் சொன்னேன். ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினார்.
"நீ தைரியமாப் போ புள்ள. நாங்க கிண்டுறோம்."
அழக்கூடாது என்றிருந்தேன்.