ஸ்டெல்லா அக்காவின் வெப்சைட்

14 மார்ச் 2008, வெள்ளி

பகலில் பாப்பாவைப் பார்த்துக்கொள்ளும் தொம்மலூர் கிரெஷுக்கு அவளை அழைக்கப் போனால், அதை நடத்தும் ஸ்டெல்லா அக்கா பிடித்துக்கொண்டார். "நெட்ல தேடினா எங்க வெப்சைட்டே வரமாட்டேங்குது. புதுசா ஒருத்தரும் போன் பண்றதில்ல. நீ கம்ப்யூட்டர் ஆபீஸ்தானே, கொஞ்சம் பாரும்மா."

பார்க்க என்ன இருக்கிறது? சூதாட்டத் தளங்களிலிருந்து அதற்கு ஆயிரம் குப்பை லிங்க் போட்டவளே நான்தான். எங்கள் ஆபீசுக்குப் போட்டி கிரெஷ்காரன் கொடுத்த வேலை. யாருடைய தளம் என்றுகூடப் பார்க்காமல், பட்டியலில் இருந்ததை அப்படியே ஒட்டித் தொலைத்தேன். முதலிடம் பிடிக்க அக்காவே அந்த லிங்க்குகளைப் போட்டு ஏமாற்றுகிறார் என்று எண்ணி, தேடுபொறி அவரைக் கீழே தள்ளிவிட்டது. திங்கட்கிழமை இன்னும் ஐநூறு போட வேண்டுமாம். சே! அக்கா கிரெஷை மூடிவிட்டால் பாப்பாவை எங்கே விடுவேன், அந்தப் போட்டிக்காரனிடமா?

"பாக்கறேன்க்கா" என்றேன். சந்தோஷத்தில் காபி போட்டுக் கொடுத்தார். அதையும் குடித்துவிட்டு வந்திருக்கிறேன்.