எல்லோருக்கும், பொ. தவிர

நவம்பர் 4, செவ்வாய்

மழை. கடையில் ஈ கூட இல்லை. மழைக்காலத்தில் பம்ப்செட் சாமான் யார் வாங்குவார்? பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது.

மாலை எதிர்வீட்டு ஹாலில் தியான வகுப்பு. டாக்டர் கோபத்தைக் குறைக்கச் சொன்னதும் என் சாந்தி பிடித்துத் தள்ளிய இடம். (மனைவி பெயர். வீட்டில் உள்ள ஒரே சாந்தி.) பாதிப் பேர் தூக்கம். மீதிப் பேர் அடுத்தவர் நெக்லஸை அளவெடுப்பது. எனக்கு முழங்கால் வலி. முடிவில், வகுப்பு நடத்தும் கோகிலா மேடத்தோடு சேர்ந்து எல்லோரும் சொல்ல வேண்டும்: "இன்று எனக்குக் கிடைத்த அமைதி எல்லோருக்கும் போகட்டும்."

எல்லோருக்கும் என்றால் கீழ்வீட்டுப் பொன்னுசாமிக்குமா? அந்தப் பெயரை முழுசாக எழுத மை இல்லை, இனி பொ. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் வால்வைத் திருப்பி, வருகிற நல்ல தண்ணி முழுவதையும் தன் தொட்டிக்கு விட்டுக்கொள்ளும் மகராசன். எங்கள் குழாயில் போர்வெல் தண்ணி. உப்பு. சோறு மஞ்சள். கேட்டால், "பிரஷர் இல்லீங்க, மேல ஏறாதுங்க" என்கிறார். எனக்கு மட்டும் ஏறுகிறது.

முழங்கால் நோகச் சம்பாதித்த அமைதியையும் அதே தொட்டிக்குத் திருப்பிவிடவா? முணுமுணுத்தேன்: "எல்லோருக்கும், பொ. தவிர."

மேடத்துக்குப் பாம்புக் காது.

"தவிரவெல்லாம் இல்லீங்கண்ணா. எல்லாரும்னா எல்லாருந்தானுங்க. அவரு மொகத்தைப் பாத்து ஒருக்கா 'நல்லா இருங்க'ன்னு சொல்லிப் பாருங்க. அப்புறம் தானா வருமுங்க."

வீட்டுப்பாடம். ஐம்பத்திநாலு வயதில்.

நவம்பர் 6, வியாழன்

மேகமூட்டம். செய்துவிட்டேன். செய்து தொலைத்துவிட்டேன்.

காலையில் வாசலில் கார். பொ. கையில் பை. பின்னால் அவர் மனைவி தெய்வானையம்மா, ஃபிளாஸ்க்கோடு. ஈரோட்டில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்தேன். இதயத்தில் அடைப்பு, ஆபரேஷன் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பேச்சுவார்த்தை இருந்தால்தானே. நேரே போய் நின்று, இரண்டு கையையும் கூப்பி,

"நல்லா இருங்க."

இதை நம் ஊரில் எப்போது சொல்வோம்? பங்காளியிடம் தோற்றுப் படியிறங்கும்போது. மண்ணை வாரித் தூற்ற மரியாதை இடம் கொடுக்காதவர்கள் கை கூப்பி விடுகிற சாபம் அது. கிளம்புகிறவரிடம் "போயிட்டு வாங்க" என்று சொல்லாமல் இதைச் சொன்ன ஒரே மடையன் நான்.

பொ. முகம் வெளிறியது. தெய்வானையம்மா ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, ஆபரேசனுக்குப் போற மனுசனுக்கு இப்படியா சாபம் உடுவீங்க?"

"இல்லீங்கம்மா, தியானத்துல சொல்லச் சொன்னாங்க..."

"ஓ, தியானத்துல இதெல்லாங்கூடச் சொல்லித் தர்றாங்களாங்க?"

இவ்வளவு கோபத்திலும் ஒரு 'ங்க' குறையவில்லை. கொங்குக்காரன் கழுத்தை அறுத்தாலும் "கொஞ்சம் நிமிருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் அறுப்பான்.

சாந்தி: "அவருக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இந்த வீதி உங்களைத்தானுங்க சொல்லும்."

நவம்பர் 7, வெள்ளி

இன்று ஆபரேஷன். வால்வைத் திருப்ப ஆளில்லை. குழாயில் நல்ல தண்ணி. காப்பி தேன். பாதியிலேயே வைத்துவிட்டேன்.

பால்காரர்: "ஏனுங்ணா, நீங்கதான் சாபம் உட்டீங்களாமா?" இஸ்திரிக்காரர் எழுந்து நின்று கும்பிடுகிறார். என் சட்டையை இன்று முதலில் தேய்த்தார்.

தண்ணி இனி இப்படியே வந்தால் என்று ஒரு நினைப்பு. எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.

மாலை வகுப்பு. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. முழங்கால் இருக்கிறதா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். கடைசி வாக்கியம் வந்தது. எல்லோருக்கும் பங்கு போட என்னிடம் இருப்பு போதாது. மனசுக்குள்: மொத்தமும் பொ.வுக்கு. மற்றவர்கள் இன்று பொறுத்துக்கொள்ளவும்.

கருணையெல்லாம் கிடையாது. அந்த ஆள் செத்து என்னைக் கொலைகாரன் ஆக்கிவிட்டுப் போகக் கூடாது. கண் கலங்கியது கொசுவர்த்தியால்.

நவம்பர் 15, சனி

வெயில். பொ. வந்துவிட்டார். நெஞ்சைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பட்டை, பாதி உடம்பு. படியில் மாட்டிக்கொண்டேன்.

"உங்க வாய் பலிக்கலீங்க" என்றார் தெய்வானையம்மா.

"பலிச்சிருச்சுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் என்ன புரிந்தது?

பொ. மூச்சு வாங்க நின்று, என்னை மேலும் கீழும் பார்த்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"நீங்களும் நல்லா இருங்க."

எந்த அர்த்தத்தில்?

நவம்பர் 18, செவ்வாய்

தூறல். பல் தேய்க்கும்போதே சமையலறையிலிருந்து சாந்தி:

"ஏனுங்க, குழாய்ல உப்புத் தண்ணி வருதுங்க! ஆளு தேறிட்டாருங்க!"

படுபாவி. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் முதல் வேலை.

மாலை வகுப்பு. முழங்கால் வலி. பழையபடி: எல்லோருக்கும், பொ. தவிர.