விரதத்தில் நிறுத்திய கேப்சூல்

மாப்ள,

இன்று காலை நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பச்சை வேட்டி கட்டி, மாலை போட்ட ஒருவர் வந்தார். பழனிக்கு நடக்கிறாராம். கால்வலிக்குக் கேப்சூல் கொடுத்தேன். "தம்பி, இந்தக் கூடு மாட்டெலும்புல செய்றதாமே, விரதத்துல போடலாமா?" என்றார்.  கேப்சூலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வில்லை மாத்திரையாக மாற்றிக் கொடுத்தேன். அவ்வளவுதான் வேலை. உன் விஷயத்தில் மட்டும் எனக்கு ஏன் அது தோன்றவில்லை?

உன் குடலில் புண். ரத்தமாகப் போகும். வத்தலக்குண்டு பஸ் எங்கெல்லாம் நிற்கும், எங்கே கக்கூஸ் இருக்கும் என்று வரிசையாக ஒப்பிப்பாய். டாக்டர் படம் போட்டு விளக்கினார். எல்லார் குடலிலும் கோடிக்கணக்கில் கிருமிகள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் தொந்தரவில்லாதவை. உன் உடம்பின் எதிர்ப்புச் செல்கள் அவற்றைப் பகை என்று எடுத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று ஆபத்துச் சேதி அனுப்புகின்றன. சேதி நிற்பதே இல்லை. அந்தச் சண்டையில் குடல்சுவர் புண்ணாகிறது. நீ தினம் போடும் கேப்சூல் அந்தச் சேதியை அமுக்கும்.

வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "அய்யலூர் சந்தையில எவனாச்சும் 'ஆட்டுத் திருடன்'னு கத்துனா, டீ குடிக்க வந்தவனுக்கும் அடி விழும்ல, அதாண்டா."

"மொதல்ல கத்துனது யாருலே?"

"அது டாக்டருக்கே தெரியலயாம்."

தை மாதம் நீயும் பழனிக்கு மாலை போட்டாய். நான் பார்மசி படிப்பை ஒரே வருடத்தில் விட்டவன். தெரிந்த ஒன்றிரண்டை எடுத்துவிடாமல் இருக்க முடியாது. "ஏலே சாமி, கறியத் தொடமாட்டேங்குற, தெனம் எலும்ப முழுங்குற" என்றேன். கேலிதான். நீ சிரிக்கவில்லை. மறுநாளே கேப்சூலை நிறுத்தினாய். "மலையேறி எறங்கிட்டுப் போட்டுக்கிறேன், அம்புட்டுத்தான்" என்றாய். நானும் சரி என்றேன்.

நீ ஒட்டன்சத்திரம் தாண்டவில்லை. குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார்கள். நான்காம் நாள் போய்விட்டாய்.

மருந்தை விட்டதாலா என்று டாக்டரிடம் கேட்டேன். "விட்டது தப்பு. ஆனா ஒழுங்காப் போட்டும் சிலருக்கு முத்திரும். இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாதுப்பா" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

உங்கம்மா தன் குழம்புக் காரம்தான் உன்னைக் கொன்றது என்று இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டும் கேட்காத மாதிரி இருந்தேன். இன்று கடை முடிந்ததும் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

உங்கம்மா கேட்டார்: "போட்டிருந்தா இருந்திருப்பானா?"

"தெரியலம்மா."

"தெரியலன்னு சொல்லத்தான் இம்புட்டுத் தூரம் வந்தியா?"

"ஆமாம்மா."

"அப்ப என் கொழம்பு இல்லல்ல?"

"இல்லம்மா. இந்த நோவு காரத்தால வாறதில்லன்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாரு."

உங்கம்மா அழுதார். அவர் சுமந்ததை இறக்கிவைத்துவிட்டேன். என் பங்கு எவ்வளவு என்றுதான் தெரியவில்லை மாப்ள. தெரியாமலேயே தூக்கிக்கொண்டு திரிகிறேன்.