நான் கட்டாத கருப்பு

அந்தப் படத்தை முழுதாகப் பார்க்க முடியாமல் நான் அழுதுகொண்டே கொட்டகையை விட்டு ஓடினேன் என்று நம் தெருவில் சொல்கிறார்கள். நான் அழவும் இல்லை, ஓடவும் இல்லை. கோபித்துக்கொண்டு எழுந்து நடந்தேன். உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை ரிக்‌ஷாவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஒருவன் நோட்டீஸ் வீசிப் போனான். படம் திரும்பவும் வந்திருக்கிறது. ரோஸ் தாளில் அதே மூன்று சிப்பாய்கள், அதே ரயிலடி. நீங்கள் போன பிறகு எனக்கு எல்லாமே அலுப்புத்தான். அந்தத் தாளைக் குனிந்து எடுக்கவே நேரமாயிற்று.

படத்தில் சண்டை முடிந்து ஊர் திரும்புகிறவனை அவன் மனைவி வெள்ளைச் சேலையில் எதிர்கொள்கிறாள். அவன் செத்துவிட்டான் என்று நம்பியிருந்தவள். கொட்டகையே விசும்பியது. அப்போதுதான் நீங்கள் என் பக்கம் சாய்ந்து, "பாத்தியாளா, அவளாவது புருசனுக்காவ வெள்ள கட்டியிருக்கா" என்றீர்கள்.

அந்த 'அவளாவது' ஏறக்குறைய முப்பது வருடம் உங்களுக்குள் கிடந்திருக்கிறது.

நீங்கள் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவில் இருந்தபோது வந்த தந்தியை வீட்டில் நான்தான் படித்தேன். 'மிஸ்ஸிங்' என்று இருந்தது. காணவில்லை என்று உங்கள் அம்மாவிடம் சொன்னேன். நம் சனத்தில் துக்கத்துக்குக் கருப்பு அல்லவா. மாமி உடனே ஒரு கருப்புச் சேலையைக் கொண்டுவந்து நீட்டினார்.

"ஏளா, இதக் கட்டு."

"காணலன்னுதான் போட்டிருக்கு மாமி. செத்துட்டாருன்னு போடல."

"கடலுக்குப் போனவனக் காணலன்னா என்ன அர்த்தம்? உன் கான்வென்ட்டுல அதச் சொல்லித் தரலையோ?"

நம் கடற்கரையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். நான் அதை ஏற்கவில்லை. மாமி கருப்பில் இருந்தார். நான் நீங்கள் வாங்கித் தந்த பூப்போட்ட சேலைகளையே கட்டினேன். மாதா கோயிலில் பெண்கள் என்னை விட்டு விலகி உட்கார்ந்தார்கள். ஒருநாள் நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். கருப்பு கட்டிய அம்மா உங்கள் மேல் விழுந்து அழுதார். உங்கள் கண் என் பூச்சேலையில் நின்றது. ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு விளக்கம் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

கொட்டகைக்கு வெளியே, சோடாக் கடை வெளிச்சத்தில்தான் சொன்னேன். "அவளுக்கு அவன் செத்துட்டான். எனக்கு நீங்க சாகல. அதான் கட்டல."

நீங்கள் சோடாவைக் குடித்து முடித்து, பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "ம்" என்றீர்கள்.

இப்போது உங்களுக்காகக் கருப்பு கட்டியிருக்கிறேன். உப்புத் தண்ணீரில் துவைத்து வெளுத்துவிட்டது. மறுபடி சாயம் முக்க வேண்டும், தெம்பு இல்லை.

ஆனால் 'ம்' என்பது பதில் அல்ல. நான் சொன்னது உங்களுக்குப் புரிந்ததா, இல்லையா? ஒரு முழு வாக்கியமாக எழுதி அனுப்புங்கள்.