வாக்கர் என்றால் மிதிப்பவர்

ஹாலிஃபாக்ஸ், யார்க்‌ஷயர்
6 மார்ச் 1983

அன்பு அப்பாவுக்கு,

அம்மாவும் நானும் சுகம். அபர்டீனில் குளிர் எப்படி? உங்கள் கம்பளிக் காலுறையை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். அலமாரியில் அப்படியே இருக்கிறது.

அவரவர் குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று எழுதிவரச் சொல்லியிருக்கிறார் எங்கள் வகுப்பாசிரியை மிஸ் ஆர்மராட். ஸ்மித்துக்குச் சுலபம், கொல்லன். பேக்கர் ரொட்டி சுட்டவர். நாம்? "வாக்கர்னா நடக்கிறவன். அதான் உங்கப்பன் நடையைக் கட்டிட்டான்" என்றான் டெனிஸ் ஸ்மித். வகுப்பே சிரித்தது. நூலகத்தில் பார்க்கப் போகிறேன்.

இன்னொன்று. கோடை விடுமுறையில் அம்மா தன் சொந்த ஊருக்கே, டெவனில் டிவர்ட்டனுக்கே, திரும்புகிறாள். கல்யாணத்துக்கு முந்தைய டக்கர் என்ற பெயரை மறுபடி வைத்துக்கொள்கிறாள். "ஒரே வீட்டுல ரெண்டு குடும்பப் பேரு எதுக்குடி? நீயும் டக்கராவே இருந்துக்கோ" என்கிறாள். நீங்கள் சம்மதிக்காவிட்டால் என் பெயரை மாற்ற முடியாதாம்.

உங்கள் மகள்,
ஹெட்டி வாக்கர்

அபர்டீன்
20 மார்ச்

ஹெட்டிக் கண்ணு,

கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் இரண்டு வாரம், கரையில் இரண்டு வாரம். கரையில் இருக்கும்போதும் தூங்கத்தான் நேரம். ஈஸ்டருக்கு வர முடியாது போலிருக்கிறது.

அப்பனுக்கு எழுதுகிற கடிதத்தில் முழுப் பெயர் எதுக்குடி? நான் என்ன வருமான வரி அதிகாரியா? டெனிஸ் சொன்னது சரிதான், நம் வம்சத்துக்கே கால் ஓரிடத்தில் நிற்காது. பெயர் விஷயம் யோசித்துச் சொல்கிறேன்.

அப்பா

ஹாலிஃபாக்ஸ்
27 மார்ச்

அன்பு அப்பாவுக்கு,

டெனிஸ் சொன்னது தப்பு! நீங்கள் சொன்னதும் தப்பு. வாக்கர் ஊர் சுற்றியவர் இல்லை. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி இழை இழையாகத் தளர்ந்திருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட மூத்திரத்தை ஊற்றி, வெறுங்காலால் மிதிப்பார்கள். எண்ணெய்ப் பசை போய்த் துணி இறுகும். அந்த மிதிப்புக்குத்தான் அந்தக் காலத்தில் நடை என்று பெயர். வாக்கர் நாளெல்லாம் நடப்பார், அப்பா. தொட்டியை விட்டு எங்கும் போகமாட்டார்.

வகுப்பில் படித்தேன். "மூத்திரம் மிதிச்ச வம்சமாடி நீ!" என்றான் டெனிஸ். "நாங்க மிதிக்கலைன்னா உங்க பாட்டன் கோட்டு மழையில ஒழுகியிருக்கும்டா" என்றேன். மிஸ் ஆர்மராட் கூடச் சிரித்துவிட்டார்.

இன்னும் கேளுங்கள். டக்கர் என்றாலும் இதே வேலைதான்! வடக்கே நம் பக்கம் வாக்கர், தென்மேற்கே அம்மா ஊர்ப் பக்கம் டக்கர். அம்மாவிடம் சொன்னேன். "நாத்தம் எங்கிருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது" என்று சிரித்தாள். பிறகு பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

இரண்டும் ஒன்று என்றால் மாற்றவே வேண்டாமே, அப்பா? வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் மகள்,
ஹெட்டி வாக்கர்

அபர்டீன்
8 மே

ஹெட்டிக் கண்ணு,

மூத்திரக் கதையை இங்கே ஆட்களுக்குப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அம்மா அனுப்பிய பெயர் மாற்றத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். எனக்கும் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருந்தது. ஆனால் ரெண்டும் ஒன்றுதான் என்று நீயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாய். கெட்டிக்காரி.

அப்பா

டிவர்ட்டன், டெவன்
11 செப்டம்பர்

அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். மழை பெய்கிறது. என் அறை ஜன்னலில் ஆறு தெரிகிறது. அம்மாவுக்கு ரொட்டிக் கடையில் வேலை.

பள்ளியில் முதல் நாள் வருகைப் பதிவின்போது "ஹெட்டி டக்கர்" என்று கூப்பிட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. யார் அந்தப் பெண் என்று நானும் திரும்பிப் பார்த்தேன். "உன்னைத்தான்டி" என்று பக்கத்தில் இருந்தவள் இடித்தாள். வகுப்பில் ஏற்கெனவே இரண்டு டக்கர்கள். அவர்களுக்குப் பெயரின் பொருள் தெரியாது. நான் சொல்லவில்லை.

உங்கள் காலுறையும் பெட்டியில் வந்துவிட்டது. அம்மா தெரியாமல் வெந்நீரில் துவைத்துவிட்டாள், சுருங்கிக் கெட்டியாகிவிட்டது. இனி உங்களுக்கு ஆகாது. எனக்குச் சரியாக இருக்கிறது, போட்டுக்கொள்கிறேன்.

முழுப் பெயர் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இப்போது போடத்தான் வேண்டியிருக்கிறது.

ஹெட்டி டக்கர்